மூன்று மாதம் புருவத்துக்கு லீவு

தூணடிக்காரருக்கு நான்கு பிள்ளைகள். மீன் ஏலக்கூடத்தில் ஜன்னலோரத் தூணில் சாய்ந்து நின்றே காலமெல்லாம் மீன் எடுத்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மூத்தவன் லாரி மெக்கானிக். பேக்கரிக்காரர் வீட்டில் பெண் எடுத்தான். அந்தப் பெண்ணின் சித்தியைத்தான் பிறகு பள்ளிக்கூட வாட்ச்மேன் இரண்டாம் தாரமாகக் கட்டினார், அது வேறு கதை. இரண்டாமவன் கப்பலில் சமையல்காரனாகப் போனான். கடைக்குட்டி இன்ஷூரன்ஸ் விற்கிறான். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போக முடியாது. இவர்களுக்கு நடுவில் பிறந்தவள்தான் சிலையக்கா.

தூணடிக்காரருக்கு முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது, அந்த இடம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. மூன்று மகன்களையும் ஏலத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்திப் பார்த்தார். மூத்தவன் நல்ல மீனைக் கண்டதும் வாயைப் பிளந்தான். இரண்டாமவனுக்குக் காது சிவந்துபோயிற்று. கடைக்குட்டி, பக்கத்தில் நின்றவரிடமே, "இந்தக் கூறத்தான் எங்கப்பா எடுக்கப்போறாரு" என்று சொல்லிவிட்டான். அப்பாவுக்குக் குடை கொண்டுவந்த மகள் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈ உட்கார்ந்து எழுந்து போனது. முகம் அசையவில்லை.

"இவதான்" என்றார் தூணடிக்காரர். அத்தோடு பேச்சு முடிந்தது.

முகத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அந்தக் கூடத்தில் பழகியவர்கள் யாரும் வாய்விட்டு விலை கேட்பதில்லை. கேட்டால் யாருக்கு எந்த மீன் மேல் கண் என்பது தெரிந்துபோகும். வேண்டாதவன் சும்மாவாவது ஏற்றிவிட்டுப் போவான். அதனால் ஆளுக்கொரு குறிப்பு உண்டு. ஒருத்தர் காது மடலைத் தொடுவார், இன்னொருத்தர் தொப்பியைத் திருகுவார். ஏலக்காரரும் அவருமாகத் தனியே பேசி வைத்துக்கொள்வது அது. கட்டினவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது. ஏலக்காரர் மேடையில் நின்று விலையைச் சொல்லிக்கொண்டே எல்லோர் மேலும் கண்ணை ஓட்டுவார். குறிப்பு தெரிந்தால் ஒரு படி ஏற்றுவார்.

சிலையக்காவின் குறிப்பு இடது புருவம். ஒரு அரிசி உயரத்துக்கு ஏறும். ஏறி நின்றால் கேட்கிறாள். இறங்கிவிட்டால் விட்டுவிட்டாள். தூணின் நிழல் பாதி முகத்தில் விழும் இடம் என்பதால் மேடையிலிருந்து பார்க்கிற ஏலக்காரர் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். மற்றவர்களுக்கு அவள் ரப்பர் பூட்ஸ் போட்ட சிலை. இருபது வருஷமாக அந்தக் குறிப்பைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். கால் கட்டைவிரல் என்றார்கள் சிலர். மூச்சை அடக்குவதுதான் குறிப்பு என்றார்கள் சிலர். கிடங்குக்காரர் என்று ஒருவர், அவளுக்கு நேர் போட்டி, ஒரு நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டு நின்று தன் மீனை எடுக்க மறந்துவிட்டார்.

அவளுக்கு வாய்த்த புருஷனோ நேர் எதிர். மனசில் வருவதெல்லாம் முகத்தில் ஓடும். கத்தி பிடித்தால் கைதேர்ந்த ஆள், கத்திக்காரர் என்றே பெயர். முள் எடுத்துத் துண்டு போட்டால் வாங்குகிறவர்கள் வாய் மூடாமல் பார்ப்பார்கள். அவர் கடையில் நறுக்குவார், அவள் கூடத்தில் எடுத்து வருவாள், அவருடைய தங்கை தராசுக்கு முன்னால் உட்காருவாள். இந்த நாத்தனார் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வேன் ஓட்டுகிறார். தராசின் முள் இரண்டு பக்கம்தான் ஆடும், இவள் நாக்கு எட்டுப் பக்கமும் ஆடும் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் அண்ணி மேல் உயிர்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அந்தத் தலைவலி வந்து சேர்ந்தது.

முதலில் வருஷத்துக்கு ஒரு தடவை, விருந்தாளி மாதிரி வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போனது. பிறகு வந்தது போகவே இல்லை. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகித் திருகுகிற மாதிரி. அந்தக் கண் மட்டும் சிவந்து கொட்டும். அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகும். இமை பாதி இறங்கிவிடும். படுக்க முடியாது, உட்கார முடியாது. கூண்டில் போட்ட மிருகம் மாதிரி நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆட்டி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விடும். மறுநாள் அதே வேளைக்கு, அலாரம் வைத்த மாதிரி, திரும்ப வரும்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பேக்கரி வீட்டுச் சம்பந்தி அம்மாள், "பல்லுதான்" என்றாள். நல்ல பல் ஒன்று போயிற்று. மூத்த அண்ணன், "கண்ணு பவர்" என்றான். கண்ணாடி வந்தது. கடைக்குட்டி, "மூக்குல சளி கட்டியிருக்கு" என்று சொல்லி, அதோடு ஒரு பாலிசியும் எடுக்கச் சொன்னான்.

"பல்லும் போச்சு, கண்ணாடியும் வந்துருச்சு, பாலிசியும் எடுத்தாச்சு. தலைவலி மட்டும் அப்படியே இருக்கு" என்றாள் நாத்தனார். "அண்ணி, இன்னும் ரெண்டு சொந்தக்காரங்க வந்தா உங்க தலையையே எடுத்துருவாங்க."

சிலையக்கா சிரிக்கவில்லை. தலையை ஐஸ் பெட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

வலி கடையில் வந்தவரைக்கும் சமாளித்தாள். அது தன் நேரத்தை மாற்றிக்கொண்டு, விடிகாலை ஏலத்துக்கு வந்து நிற்க ஆரம்பித்ததுதான் வினையாகப் போயிற்று.

அன்றைக்கு மத்தி வந்து குவிந்திருந்தது. ஒரு முழுப் படகு மத்தி. அவளுக்குத் தேவை கடைக்கு இரண்டு பெட்டி. ஆனால் மொத்தத்தையும் ஒரே கூறாகப் போட்டார்கள், அதை எடுக்கக் கிடங்குக்காரர் தயாராக நின்றார். ஏலம் தொடங்கியதும் வலி வந்தது. இடது இமை இறங்கியது. கண்ணில் நீர் முட்டி ஒன்றும் தெரியவில்லை. பாதி மூடிய கண்ணைத் திறந்து வைக்க முகம் தானாகவே ஒரு வேலை செய்தது: புருவத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டது.

ஏலக்காரர் பார்த்தார். புருவம் ஏறியிருக்கிறது. ஒரு படி ஏற்றினார். கிடங்குக்காரர் காதைத் தொட்டார். திரும்பிப் பார்த்தால் புருவம் இன்னும் அங்கேயே நிற்கிறது. ஏற்றினார். என்றைக்கும் அளந்து கேட்கிறவள் இன்றைக்கு இப்படி நிற்கிறாளே என்று அவருக்கே வியர்த்தது. கேட்க முடியாது, குறிப்பு என்றால் குறிப்புதான். கிடங்குக்காரர் கையைக் கீழே போட்டுவிட்டார். "மூணு தரம்!" என்றார் ஏலக்காரர். முழுப் படகு மத்தியும் தூணடிக்கு விழுந்தது.

கூடத்தில் விழுந்த மீனைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் கிடையாது. வேன் வேனாக மத்தி வந்து இறங்கியதைப் பார்த்துக் கடைவாசலில் நின்ற கத்திக்காரர் முகத்தில் ஓடியதை எழுதினால் பக்கம் போதாது.

"என்னம்மா இது?"

"மத்தி."

"அது தெரியுதும்மா."

சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த வாரம் மத்தி சாப்பிட்டார்கள். மெக்கானிக் அண்ணன் வீட்டில் சாப்பிட்டார்கள், பேக்கரி வீட்டில் சாப்பிட்டார்கள், பள்ளிக்கூட வாட்ச்மேனின் இரண்டாம் தாரம்வரை போய்ச் சேர்ந்தது. எந்தெந்தத் தெருப் பூனைகளோ வந்து கடைக்கு எதிரே குடியேறின. "அண்ணி, இதுங்களுக்கும் ஒரு பாலிசி எடுத்துருவோமா?" என்றாள் நாத்தனார்.

சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஏலக்கூடத்தில் பேச்சு கிளம்பியது. சிலைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். இன்னும் ஒரு தடவை இப்படி ஆனால் கடையை மூடவேண்டியதுதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கத்திக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்காரர் தூணடியில நிக்கட்டுமே. நீ கடையில இருந்துக்கலாம்."

அண்ணன் தம்பிகளுக்குக் கொடுக்காமல் அப்பா அவளுக்கென்று கொடுத்த ஒரே இடம் அது. அந்தக் கூடத்து வழக்கப்படி, ஒருவர் வந்து நின்று பழகிவிட்டால் இடம் அவருடையதாகிவிடும். கொஞ்ச நாள் என்பதெல்லாம் அங்கே கிடையாது. தலைவலியை விரட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூணை விட வேண்டும். அவளுக்கு அது புரிந்துபோயிற்று.

கடைசியில் தலைவலிக்கென்றே இருக்கிற டாக்டரம்மா ஒருவரிடம் போனார்கள். வயசில் சின்னவர். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியே, "வலி வந்தா படுத்துப்பீங்களா, நடப்பீங்களா?" என்பதுதான். சிலையக்கா நடந்தே காட்டினாள். டாக்டரம்மா தலையை ஆட்டி, "இது கொத்துத் தலைவலி. கொத்துக் கொத்தா வரும். உங்களுக்கு விடாமலே வர்ற வகை" என்றார். பெயர் கிடைத்ததிலேயே பாதி வலி குறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

ஆக்சிஜன் சிலிண்டர் கொடுத்தார்கள். வலி ஆரம்பித்ததும் முகமூடியை மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்து இழுக்க வேண்டும். அது கேட்டது; கால் மணி நேரத்தில் வலி இறங்கியது. கடையில் மீன் பலகைக்குப் பக்கத்தில் சிலிண்டர் நின்றதைப் பார்த்து வாடிக்கைக்காரர் ஒருவர், "மீனுக்கு ஆக்சிஜன் வேற வெக்கிறீங்களா? அவ்வளவு உயிரோடவா இருக்கு?" என்று கேட்டு இரண்டு கிலோ கூடுதலாக வாங்கிப்போனார். ஆனால் ஈரத் தரையில், ஆளுக்கொரு சிகரெட் பிடிக்கிற ஏலக்கூடத்துக்குள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? வலி வராமல் தடுக்க மாத்திரையும் கொடுத்தார்கள். அதில் நாடி மெதுவாகி, படி ஏறினால் தலை சுற்றியது. டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அளவைக் குறைத்துவிட்டார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் ஒரு நாள். "ஊசி. பொட்டுலினம்னு ஒரு மருந்து. வேற ஒரு தலைவலிக்கு நல்லா வேலை செய்யுது. உங்களுக்கு வர்ற வலிக்குச் சில பேருக்குக் கேட்டிருக்கு, பல பேருக்குக் கேக்கல. கட்டாயம் சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

கூட வந்திருந்த நாத்தனாருக்குக் கண் விரிந்தது. "டாக்டரம்மா, சினிமாக்காரங்க சுருக்கம் போகப் போட்டுக்கிறாங்களே, அந்த போடாக்ஸா?"

"அதேதான்."

"அப்ப மிச்சம் மீதி இருந்தா எனக்கும் ரெண்டு குத்து."

சிலையக்கா வேறொன்று கேட்டாள். "அது எதுலருந்து எடுக்குறாங்க?"

டாக்டரம்மா ஒளிக்கவில்லை. "கெட்டுப்போன டப்பா சாப்பாட்டுல வளர்ற ஒரு கிருமியோட விஷம். ரொம்ப ரொம்பக் கொஞ்சமா, சுத்தம் பண்ணிக் கொடுப்போம்."

"நல்ல கதையா இருக்கே" என்றாள் சிலையக்கா. "கெட்டது எதுவும் கடைக்குள்ள வந்துரக் கூடாதுன்னு இத்தனை வருஷமா ஒவ்வொரு மீனோட செவுளையும் தூக்கிப் பாத்து வாங்கியிருக்கேன். கடைசியில காசு கொடுத்து அத நெத்தியில ஏத்திக்கணுமா?"

டாக்டரம்மா நன்றாகச் சிரித்தார். பிறகு, "பெரிய தொந்தரவு இருக்காது. கழுத்து கொஞ்சம் வலிக்கலாம். நெத்தி மரத்த மாதிரி ஆயிடும். மூணு மாசத்துக்குப் புருவத்தத் தூக்க முடியாது, அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான். சிலையக்கா இருந்த இடத்திலேயே சிலையாகிப் போனாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டில் எல்லோருக்கும் குழப்பம். வலிக்கு மருந்து என்கிறார்கள், முகமும் வழவழப்பாகும் என்கிறார்கள், இவள் யோசிக்கிறாளாம். "புருவத்தத் தூக்க முடியாதுன்னா என்ன? புருவத்த வெச்சா மீன் தூக்குறீங்க?" என்றாள் நாத்தனார். சிலையக்காவுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் போய்க் குத்தியது. ஆமாம், புருவத்தை வைத்துத்தான் தூக்குகிறேன் என்று சொல்லிவிடலாம். அப்பாவுக்கே சொல்லாததை இவளிடம் எப்படிச் சொல்வது? இவளிடம் சொன்னால் தராசுக்கு வருகிற எல்லோருக்கும் மீனோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவாள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியான நேரம், சிலிண்டர் தீர்ந்திருந்த வேளையாகப் பார்த்து வலி வந்தது. குளிர்ப்பெட்டி அறைக்குள் நடந்தாள். பிறகு இரும்புக் கதவில் நெற்றியை முட்ட ஆரம்பித்தாள். இரண்டு முட்டு சத்தமாகக் கேட்டது. அப்புறம் சத்தம் இல்லை. வலி இறங்கி அவள் கண் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கதவுக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் புருஷனுடைய உள்ளங்கை இருந்தது. அத்தனை முட்டுகளையும் அந்தக் கைதான் வாங்கியிருந்தது.

மறுநாள் கை வீங்கிவிட்டது. கத்தி பிடிக்க முடியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "பெட்டி விழுந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்குத்தான் பொய் வராதே. கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை.

"ஊசி போட்டுக்கிறேன்" என்றாள் சிலையக்கா.

போவதற்கு முன்னால் ஏலக்காரரைத் தனியே பிடித்தாள். எடை மேடைக்குப் பின்னால், பெட்டிகளைக் கழுவுகிற இடத்தில்.

"அண்ணே, என் புருவத்துக்கு மூணு மாசம் லீவு."

"என்னது, புருவத்துக்கு லீவா? நீயே லீவு போட்டு நான் பாத்ததில்லையே தங்கச்சி."

விஷயத்தைச் சொன்னாள். மத்திக் கதையும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே. நான் அன்னைக்கு உனக்கு ஏதோ பெரிய ஆர்டர் வந்திருக்குன்னு நெனச்சேன். அழுதுட்டு நின்னியா நீ? சந்தோஷத்துல கண்ணு கலங்குறேன்னு நெனச்சேன்!"

"முழுப் படகு மத்திய எடுத்தா யாருக்குண்ணே சந்தோஷம் வரும்?"

புதுக் குறிப்பு பேசினார்கள். இடது கைக் கட்டைவிரல் ஏப்ரன் பைக்குள் போனால் கேட்கிறாள், வெளியே வந்தால் விட்டுவிட்டாள். ஏலக்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஊசி போட்ட அன்றைக்குக் குத்து குத்து என்று குத்தினார்கள். நெற்றி, புருவ நடு, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள். கொசு கடித்த மாதிரிதான் இருந்தது. "இந்த வலியெல்லாம் எங்க வலிக்கு முன்னால தூசு" என்றாள் டாக்டரம்மாவிடம். நாத்தனார் எண்ணிக்கொண்டே வந்து நடுவில் விட்டுவிட்டாள். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சில நாட்களில் நெற்றி பிடித்துக்கொண்டது. கண்ணாடி முன்னால் நின்று தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சுவரைத் தூக்குகிற மாதிரி இருந்தது. வலியோ வந்துகொண்டுதான் இருந்தது. "விஷமும் கலப்படம் போலருக்கு" என்றாள் நாத்தனார்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. ஒரு மாணவர் விடுதிக்கு வாராவாரம் கானாங்கெளுத்தி கொடுப்பது இவர்கள்தான். மத்தி நாளுக்குப் பிறகு விடுதிக்காரர், "இந்த வாட்டி தவறிச்சுன்னா கிடங்குக்காரர்கிட்ட வாங்கிக்கிறேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குக் கானாங்கெளுத்தி கொஞ்சம்தான் வந்திருந்தது. ஐந்தே கூறு.

சிலையக்கா தூணடியில் நின்றாள். முதல் கூறு ஏறியது. கட்டைவிரலைப் பைக்குள் விட்டாள். ஏலக்காரர் கண் அவளிடம் வந்தது. நேராக நெற்றியில் வந்து நின்றது. இருபது வருஷப் பழக்கம், கண் வேறு எங்கும் போக மாட்டேன் என்கிறது. நெற்றி வழவழவென்று இருந்தது. கண் போய்விட்டது. கூறு கிடங்குக்காரருக்கு விழுந்தது.

இரண்டாவது கூறு. விரல் உள்ளே போயிற்று, வெளியே வந்தது, மறுபடி போயிற்று. அவர் நெற்றியையே பார்க்கிறார். பாவம், அவர் முகத்திலும் தவிப்பு தெரிந்தது. என்னவோ மாற்றிப் பேசினோமே, என்ன அது என்று யோசிக்கிறார். மூன்றாவது கூறுக்கு அவள் விரல் பையைக் கிழித்துக்கொண்டு போகிற வேகத்தில் போனது. பக்கத்தில் நின்ற கிழவர், "என்னம்மா, சில்லறையைத் தொலைச்சுட்டியா?" என்று கேட்டார். அதுவும் கிடங்குக்காரருக்கே போயிற்று. நான்காவதும் போயிற்று.

கடைசிக் கூறு. நல்ல கூறு, கண் பளபளவென்று, செவுள் ரத்தச் சிவப்பாக. கிடங்குக்காரர் நிதானமாகக் காது மடலைத் தடவினார். அவசரமே இல்லை அவருக்கு.

"ஒரு தரம்."

அப்பா நின்ற தூண் முதுகில் சில்லென்று இருந்தது.

"ரெண்டு தரம்."

"நான் கேக்குறேன்!"

கூடம் அப்படியே நின்றுவிட்டது. குரல் எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூடத்துக்குள் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. கணீரென்று, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். ஐஸ் தள்ளுகிற ஆள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"சிலை பேசுதுடா" என்றார் யாரோ.

"பேசுறேன்" என்றாள் சிலையக்கா. "இதுக்கு மேல எவ்வளவு போனாலும் நான் கேக்குறேன். சொல்லுங்கண்ணே."

ஏலக்காரர் ஒரு படி ஏற்றிச் சொன்னார். எல்லோரும் கிடங்குக்காரரைப் பார்த்தார்கள். கை காதிலேயே இருந்ததால் அவருடைய குறிப்பு அத்தோடு அம்பலமாகிவிட்டது. வழக்கமாக வாய்விட்டுக் கேட்கிறவனை வேண்டுமென்றே ஏற்றிவிடுகிற ஆள்தான் அவர். ஆனால் அவர் கண் முன்னால் அந்த முழுப் படகு மத்தி வந்து நின்றது. வாய் திறக்காமலே அவ்வளவு எடுத்தவள், வாய் திறந்தால் எதுவரைக்கும் போவாள்? இதில் ஏதோ கணக்கு இருக்கிறது, நாம் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவர் கையைக் காதிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே எடுத்துக்கங்கக்கா" என்றார். "எனக்கென்ன, நாலு கூறு இருக்கு."

"மூணு தரம்!" என்று ஏலக்காரர் போட்ட சத்தத்தில் நிம்மதி தெரிந்தது.

விடுதிக்கு மீன் போயிற்று. நாத்தனார் புருஷன் வேனைத்தான் ஓட்டினார். தூணடிப் பக்கம் அவரை நிறுத்தும் பேச்சு பிறகு எழவே இல்லை. ஏலம் முடிந்ததும் ஏலக்காரர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். "தங்கச்சி, கட்டைவிரல்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வரும் போல எனக்கு."

"விடுங்கண்ணே. இனிமே வாயாலதான்" என்றாள் அவள். கத்திப் பேசியதில் தொண்டை கரகரத்தது. அது நன்றாகவும் இருந்தது.

வலி? ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், ஏலம் முடிந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் கவனித்தாள், அன்றைக்கு அது வரவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கேட்டுவிட்டு வந்துவிடுமோ என்று பயம். மறுநாள் வந்தது, ஆனால் ஆணி இல்லை, குண்டூசி. அப்புறம் சில நாள் விட்டு வந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தினமும் வந்து உட்கார்ந்திருந்த வலி, எப்போதாவது எட்டிப் பார்க்கிற தூரத்துச் சொந்தமாக மாறிவிட்டது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். "ஊசியாலயா, தானா குறைஞ்சதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அடுத்த தடவையும் போட்டுப் பாப்போம்" என்றார். சிலிண்டர் கடையிலேயே நின்றது. கத்திக்காரர் அதன் தலையில் தன் தொப்பியை மாட்டி வைத்தார்.

ஏலக்கூடத்தில் அவள் வாய்விட்டுத்தான் கேட்கிறாள். முதலில் இரண்டு பேர் வம்புக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அவள் நடுவழியில் விட்டுவிட்டாள். வேண்டாத மீன் அவர்கள் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஏற்றுகிறவர்கள் யோசித்துத்தான் ஏற்றுகிறார்கள். சிலையக்கா என்ற பெயர் மட்டும் மாறவில்லை. சத்தம் போடுகிற சிலை என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

மூன்று மாதம் முடிகிற சமயம். அடுத்த ஊசிக்குப் போக வேண்டிய வாரம். கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் நாத்தனார் தராசைத் துடைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? இப்பதான் வாயால கேக்குறீங்களே. பழைய குறிப்பு இனிமே யாருக்கு வேணும்? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"எதுக்கு?"

"இருபது வருஷமா மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கேன். கிடங்குக்காரர் மூச்சுங்கிறாரு. எங்க வீட்டுக்காரர் பூட்ஸுக்குள்ள விரலுங்கிறாரு. எங்கண்ணன் தெரியாதுங்கிறாரு, அவரு மூஞ்சியும் தெரியாதுன்னுதான் சொல்லுது. என்ன அண்ணி அது?"

மீன் பலகையில் குனிந்திருந்த கத்திக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். சிலையக்கா யோசித்தாள். சொன்னால்தான் என்ன? காலையில் முகம் கழுவும்போது நெற்றியில் ஏதோ லேசாகத் துடித்த மாதிரி இருந்தது ஞாபகம் வந்தது. நாத்தனாரை நேராகப் பார்த்தாள். முயற்சி பண்ணினாள். நெற்றி கொஞ்சம் அடம் பிடித்தது. பிறகு இடது புருவம் மெல்ல, ஒரு அரிசி உயரத்துக்கு, ஏறி நின்றது.

நாத்தனார் காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு துணியைத் தராசின் மேல் எறிந்தாள்.

"சும்மா புருவத்தத் தூக்கிக்கிட்டு நிக்காதீங்கண்ணி. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"